ஆட்டிசக் குழந்தையின் அருகில் அமர்பவருக்குப் பயிற்சியும் சான்றும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளி திறக்கும் முன்பாகவே, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் ஆட்டிசம் (பேசுவதும் பிறரோடு பழகுவதும் வேறுபட்டிருக்கும் வளர்ச்சி நிலை) உள்ள குழந்தைகளின் பெற்றோர் பலர் ஓர் ஆளைத் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். வகுப்பில் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, எழுந்து ஓடினால் தடுத்து, ஆசிரியர் சொல்வதைக் கவனிக்கவைத்து, கழிப்பறைக்கு அழைத்துச் சென்று, மதியச் சாப்பாட்டைச் சாப்பிடவைத்து, மாலையில் பத்திரமாகத் திருப்பி ஒப்படைக்கும் ஒருவர் அவர்களுக்கு வேண்டும். தனியார் பள்ளிகளில் அவரை ஷேடோ டீச்சர் என்கிறார்கள். அரசுப் பள்ளிகளிலும் சிறப்பு மையங்களிலும் ஆயா, உதவியாளர், பராமரிப்பாளர் என்று இடத்துக்கு ஒரு பெயர். மருத்துவரை அந்தக் குழந்தை சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கிறது. பேச்சுப் பயிற்சியாளரோடு வாரத்துக்கு ஓரிரு மணி நேரம் இருந்தால் அதிகம். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியரோ பல பள்ளிகளைச் சுற்றிவர வேண்டியவர். நாள் முழுவதும் குழந்தையோடு இருப்பவர் இந்த உதவியாளர் ஒருவர்தாம். அவருக்கு மட்டும் எந்தப் படிப்பும் கட்டாயமில்லை, எந்தத் தேர்வும் இல்லை, அவர் செய்வதைப் பார்த்துத் திருத்துவதற்கும் ஆளில்லை. இந்த நிலை மாற வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

குடியாத்தம், கே.வி.குப்பம் பகுதிகளில் சிறப்பாசிரியையாகப் பணிபுரிந்து ஓய்வு பெற்றவள் நான். நான் பார்த்த உதவியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். பீடி சுற்றிக்கொண்டிருந்தவர்கள், ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனி வேலையை விட்டு வந்தவர்கள், பட்டம் முடித்து அரசு வேலைக்குக் காத்திருக்கும் இளம் பெண்கள் எனப் பலரும் அவர்களில் உண்டு. அந்தக் குழந்தைகள் மேல் அவர்கள் வைத்த பாசத்தில் எனக்கு ஒருநாளும் ஐயம் வந்ததில்லை. பெற்ற தாயே செய்யத் தயங்கும் வேலைகளை முகம் சுளிக்காமல் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஆட்டிசம் என்றால் என்ன என்று ஒரு நாள்கூடச் சொல்லித்தராமல், ஒரு குழந்தையை அவர் கையில் கொடுத்து, வகுப்பறையில் உட்காரவைப்பது அவரைக் கண்ணைக் கட்டிக் காட்டில் விடுவதுதான். அதன் விளைவை அவரைவிட அந்தக் குழந்தைதான் அதிகம் அனுபவிக்கிறது.

என்ன நடக்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். சத்துணவு வரிசையில் நிற்கும்போதெல்லாம் ஒரு சிறுவன் பக்கத்தில் நிற்பவனை அடிக்கிறான். உதவியாளர் உடனே அவனை இழுத்துக்கொண்டு போய், ஆளில்லாத வராந்தாவில் உட்காரவைக்கிறார்; அவன் அமைதியாகிவிடுகிறான். பார்ப்பவர்களுக்குப் பிரச்சினை தீர்ந்தது போலத் தோன்றும். உண்மையில், எவர்சில்வர் தட்டுகளின் ஓசையும் கூட்டத்தின் இரைச்சலும் அவனால் தாங்க முடியாதவை. அடித்தால் அந்த இடத்திலிருந்து வெளியே போகலாம் என்பதை அவன் அன்று கற்றுக்கொண்டான். மறுநாள் இன்னும் வேகமாக அடிப்பான். பயிற்சி பெற்றவர் அடிக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று சில நாட்கள் குறித்துவைத்துப் பார்ப்பார். அதன்பின் கூட்டம் சேரும் முன்பே அவனுக்குச் சாப்பாடு வாங்கிக்கொடுப்பார். ‘வெளியே போக வேண்டும்’ என்பதைக் காட்டும் பட அட்டை ஒன்றை அவன் கையில் கொடுத்து, அதை நீட்டினால் அடிக்காமலேயே வெளியே போகலாம் என்று பழக்குவார். இதற்கெல்லாம் பெரிய கருவிகள் தேவையில்லை. பார்க்கும் கண்ணும் எழுதிவைக்கும் பழக்கமும் இருந்தால் போதும். அவை இரண்டும் சொல்லிக்கொடுத்தால்தான் வரும்.

இன்னொன்று, கையைப் பிடித்து எழுதவைப்பது. பள்ளி நோட்டு அழகாக இருக்க வேண்டும் என்று உதவியாளர் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டே ஆண்டு முழுவதும் எழுதவைக்கிறார். பெற்றோர் நோட்டைப் பார்த்து மகிழ்கிறார்கள். உதவியாளர் விடுப்பு எடுத்த அன்று அந்தக் குழந்தை பென்சிலைத் தொடுவதுகூட இல்லை. உதவியைத் தொடங்குவது எளிது. அதை எப்போது குறைப்பது, முழுக்கைப் பிடியிலிருந்து மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் வந்து, பிறகு விரலால் சுட்டிக்காட்டுவதோடு நிறுத்தி, கடைசியில் எட்ட உட்கார்ந்துகொள்வது எப்படி என்பதில்தான் இந்த வேலையின் நுட்பம் இருக்கிறது. குழந்தைக்குத் தான் தேவைப்படாமல் போவதே தன் வேலையின் வெற்றி என்பதை அறிந்த உதவியாளர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். அவர்களிடம் அதை யாரும் சொல்லவில்லை என்பதே காரணம்.

உயிருக்கே ஆபத்தாகும் அறியாமையும் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் வலிப்பு நோய் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகக் காணப்படுகிறது. வகுப்பில் வலிப்பு வந்தால் நம் ஊரில் இன்றும் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள், பல்லுக்கிடையில் கரண்டியை நுழைக்கிறார்கள். குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயில் எதையும் வைக்காமல், நேரத்தைப் பார்த்து, 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்பது அரை மணி நேரத்தில் கற்பிக்கக்கூடியது. திடீரென்று ஓடிவிடும் குழந்தைக்கு ரயில் பாதையும், நெடுஞ்சாலையும், மழைக்காலத்தில் நிறைந்துவிடும் ஏரியும் கிணறும் எவ்வளவு பெரிய ஆபத்து என்று நமக்குத் தெரியும். அப்படிப்பட்ட குழந்தைக்குப் பொறுப்பானவருக்கு, அது எந்த வேளையில், எதைப் பார்த்தால், எந்தப் பக்கம் ஓடும் என்று முதல் நாளிலேயே எழுதிக் கொடுக்கும் வழக்கம்கூட நம் பள்ளிகளில் இல்லை.

சட்டத்தில் இதற்கு இடமில்லையா என்றால், இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை இயலாமைகளில் ஆட்டிசத்தையும் சேர்த்தது. அனைவரையும் உள்ளடக்கிய கல்விக்குத் துணைநிற்கும் வல்லுநர்களுக்கும் பணியாளர்களுக்கும் பள்ளிக் கல்வியின் எல்லா நிலைகளிலும் பயிற்சி அளிக்க வேண்டும் என்று அதன் 17ஆம் பிரிவு சொல்கிறது. குடும்பத்தாருக்கும் பராமரிப்புப் பணியில் இருப்பவர்களுக்கும் திறன் வளர்க்கும் பயிற்சிகளைத் தொடங்க வேண்டும் என்று 47ஆம் பிரிவு சொல்கிறது. அதற்கும் முன்பே, 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம், மத்தியப் பதிவேட்டில் பதிவு செய்யாமல் மறுவாழ்வு வல்லுநராகத் தொழில் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று கூறியிருக்கிறது. சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் அந்தப் பதிவேட்டுக்குள் வருகிறார்கள். வகுப்பறையில் குழந்தையின் தோளைத் தொட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் உதவியாளர் நடைமுறையில் எந்தப் பதிவேட்டுக்குள்ளும் வருவதில்லை. மறுவாழ்வு மன்றத்திடம் பராமரிப்புப் பணிக்கான சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது; ஒன்றிய அரசின் தேசிய அறக்கட்டளையிடம் சகயோகி என்ற பராமரிப்பாளர் பயிற்சித் திட்டம் இருக்கிறது. இரண்டும் நல்லவையே. ஆனால் அவை பலவகை இயலாமைகளுக்கும் பொதுவான பராமரிப்பைக் கற்பிப்பவை. ஆட்டிசம் உள்ள குழந்தையோடு வகுப்பறையில் எப்படிப் பணிபுரிவது என்பது தனியாகக் கற்பிக்கப்பட வேண்டிய பாடம்.

குழந்தைக்கு ஆட்டிசம் எந்த அளவு இருக்கிறது என்பதை இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலின் 40 கூறுகளைக் கொண்டு அளந்து, மதிப்பெண் 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை, 153ஐத் தாண்டினால் தீவிரம் என்றெல்லாம் கணக்கிட்டுச் சான்று தருகிறோம். அதே குழந்தையை யாரிடம் ஒப்படைக்கிறோமோ அவரை மதிப்பிட நம்மிடம் ஒரு பக்கக் கேள்வித்தாள்கூட இல்லை என்பது என்னை நெடுநாளாக வருத்தும் செய்தி.

பிற நாடுகளில் இந்த இடைநிலைப் பணியாளர்களுக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. அமெரிக்காவில், குழந்தையின் நடத்தையை ஆராய்ந்து மாற்றப் பழக்கும் நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்குச் சான்று வழங்கும் வாரியம், 2014 முதல் பதிவுபெற்ற நடத்தைத் தொழில்நுட்பப் பணியாளர் என்ற சான்றை வழங்கிவருகிறது. 18 வயது நிரம்பி, பள்ளிப் படிப்பை முடித்தவர், 40 மணி நேரப் பயிற்சி பெற்று, வேலையைச் செய்துகாட்டி, அதன் பிறகு தேர்வும் எழுத வேண்டும். பணியில் சேர்ந்த பின்னும், மாதந்தோறும் அவர் குழந்தைகளோடு பணிபுரியும் நேரத்தில் குறைந்தது 5 சதவீத அளவுக்கு மேலதிகாரியின் மேற்பார்வை இருந்தாக வேண்டும். நம் கவனத்துக்கு உரியது இந்த மேற்பார்வை விதிதான் என்பது என் கருத்து. 40 மணி நேரம் என்பது மிகக் குறைவு. ஒரு வேலை வாரம்கூட ஆகாது. ஆனால் தேர்ச்சி பெற்ற பின்னும் அந்தப் பணியாளரைத் தனியே விட்டுவிடுவதில்லை என்ற ஏற்பாடு சரியானது.

இந்தச் சான்றை இப்போது நம் ஊரிலிருந்து புதிதாகப் பெற முடியாது. 2023 ஜனவரி முதல் அந்த வாரியம் இந்தியா உள்ளிட்ட பெரும்பாலான நாடுகளிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதை நிறுத்திவிட்டது. இதை அறியாமல், இணையத்தில் 40 மணி நேர வகுப்பு என்று கண்டதும் பணம் கட்டிவிட்டு, வகுப்பை முடித்ததற்கான ஒரு தாளை மட்டும் கையில் வைத்திருக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டுச் சான்றை எட்டிப் பிடிக்க முயல்வதைவிட, நம் குழந்தைகளுக்கும் நம் வகுப்பறைகளுக்கும் ஏற்ற ஒன்றை நாமே உருவாக்குவது நல்லது.

அந்தச் சான்று முறையின் பின்னணியில் உள்ள, நடத்தைப் பகுப்பாய்வு என்ற சிகிச்சை முறையைப் பற்றி ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுப்பிவரும் மறுப்பையும் இங்கே சொல்லியாக வேண்டும். கண்ணைப் பார்த்துப் பேசு, கையை ஆட்டாதே, அமைதியாக உட்கார் என்று குழந்தையை மற்றவர்களைப் போல ஆக்குவதே குறிக்கோளாகிவிட்டால், அந்தக் குழந்தை தன் வேதனையைச் சொல்லும் வழியையும் இழந்துவிடும் என்கிறார்கள் அவர்கள். இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். கையை ஆட்டுவதால் யாருக்கும் கேடில்லை என்றால் ஆட்டட்டும். நம் பயிற்சியில் குழந்தையை அடக்கும் வித்தைக்கு இடமிருக்கக் கூடாது. குழந்தை என்ன சொல்ல வருகிறது என்று புரிந்துகொள்ளும் பயிற்சியே முதலில் வர வேண்டும். உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடைசெய்திருக்கிறது என்பதையும், நாற்காலியோடு துப்பட்டாவால் கட்டிவைப்பதும் தண்டனைதான் என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பட்டம் பெறாதவர்களை நம்பி இந்தப் பணியைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசம் உள்ள 65 குழந்தைகளைக் கொண்டு நடந்த ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2016இல் லான்செட் மருத்துவ இதழ்க் குழுமத்தின் ஏடு ஒன்றில் வெளியாயின. அதில் பெற்றோருக்கு வழிகாட்டியவர்கள் மருத்துவர்களோ உளவியலாளர்களோ அல்லர். அதற்கெனப் பயிற்சி பெற்ற, தொடர்ந்து மேற்பார்வையில் இருந்த சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். குழந்தை காட்டும் குறிப்பை அறிந்து அதற்கேற்பப் பெற்றோர் பதில் தரும் பழக்கம் கூடியது. குழந்தைகள் தாமாகவே முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. எல்லா அளவீடுகளிலும் முன்னேற்றம் கிடைத்துவிடவில்லை. என்றாலும், சரியான பயிற்சியும் இடைவிடாத மேற்பார்வையும் இருந்தால் வல்லுநர் அல்லாதவர்கள் இந்தப் பணியைச் செய்ய முடியும் என்பதை அந்த ஆய்வு காட்டியிருக்கிறது. உலக சுகாதார நிறுவனமும் வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளின் குடும்பத்தாருக்காக 9 குழு வகுப்புகளும் 3 வீட்டுச் சந்திப்புகளும் கொண்ட பயிற்சியை, வல்லுநர் அல்லாதவர்களே நடத்தும் வகையில் வடிவமைத்திருக்கிறது.

வேலூருக்கு இது புதிய பாதையும் அல்ல. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை (சி.எம்.சி.) நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையார் இங்கே 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து, அறிமுகமில்லாதவர்களின் புண்ணைத் துடைப்பதைப் பல குடும்பங்கள் இழிவாகக் கருதிய காலம் அது. பயிற்சியைத் தொடர்ந்து, 1926இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்து, பதிவேடும் பதிவெண்ணும் வந்தன. இருபது ஆண்டு கழித்து, 1946இல், இந்த ஊரிலேயே செவிலியர் பட்டப்படிப்பும் தொடங்கியது. அறிவும் பயிற்சியும் வேண்டிய தொழில் அது என்று நாடு ஏற்றுக்கொள்ள அந்தப் பயிற்சிப் பள்ளியும் அந்தப் பதிவேடும் அவ்வளவு துணைபுரிந்தன. கே.வி.குப்பம் ஒன்றியத்தில் 1977 முதல் இயங்கும் சி.எம்.சி.யின் ஊரகச் சுகாதார மையமான ரூசா கிராமப் பெண்களையே சுகாதாரப் பணிக்குப் பழக்கியதை எங்கள் பகுதியில் வயதானவர்கள் நன்கு அறிவார்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் நம்பிக்கை நிலையத்தில், பெற்றோர் குழந்தையோடு தங்கியிருந்து, பயிற்றுவிக்கும் முறையைத் தாங்களே கற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். பெற்றோரால் கற்றுக்கொள்ள முடிவதை உதவியாளராலும் கற்றுக்கொள்ள முடியும். முட்டுக்காட்டில் 2005இல் தொடங்கப்பட்ட பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனமும் நமக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி, சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம், வட்டாரந்தோறும் வள மையங்கள் எல்லாம் இருக்கின்றன. இவற்றை ஒரு மேசையில் உட்காரவைக்க மாவட்ட ஆட்சியர் ஒருவர் நினைத்தால் போதும்.

பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சில உறுதியான கருத்துகள் உண்டு. முதலாவதாக, பயிற்சி தமிழில் இருக்க வேண்டும். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகளில் உருதும், காட்பாடி, குடியாத்தத்தின் ஆந்திர எல்லையோரங்களில் தெலுங்கும் பேசும் பயிற்றுநர்கள் இருக்க வேண்டும். வீட்டில் உருது, தெருவில் தமிழ், சிகிச்சை மையத்தில் ‘கம் ஹியர்’, ‘சிட் டவுன்’ என்று மூன்று பக்கமும் இழுபடும் குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இரண்டு மொழி கெடுதல், வீட்டுமொழியை விட்டுவிடுங்கள் என்று பெற்றோரிடம் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரு மொழிச் சூழல் இந்தக் குழந்தைகளின் பேச்சைத் தாமதப்படுத்துவதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டியிடம் பேச உதவாத மொழியை முதலில் கற்பித்து என்ன பயன்? பட அட்டைகளிலும் பீட்சாவும் பனிமனிதனும் வேண்டாம். இட்லியும், குடமும், ஷேர் ஆட்டோவும், கத்திரி வெயிலில் அந்தக் குழந்தை கேட்கக்கூடிய மோரும் இருக்கட்டும்.

பயிற்சிக் காலத்தில் பாதிக்கு மேல் குழந்தைகளோடு நேரடியாகச் செலவிட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்த்துவிட்டுக் கைதட்டிக் கலையும் பயிற்சிகளை ஆசிரியர்களாகிய நாங்கள் நிறையவே கண்டிருக்கிறோம். வருகைப் பதிவை வைத்துக் கொடுக்கும் சான்றிதழ், இல்லாததைவிட ஆபத்தானது. பெற்றோர் அதை நம்பிக் குழந்தையை ஒப்படைத்துவிடுவார்கள். ஒரு குழந்தைக்குக் கழிப்பறைப் பழக்கத்தைக் கற்றுக்கொடுப்பதையும், கதவை மூடி, முன்கூட்டிச் சொல்லி, அதன் மானத்தைக் காப்பதையும் அனுபவமுள்ளவர் நேரில் பார்த்து, சரி என்ற பிறகே கையெழுத்திட வேண்டும். பேசாத குழந்தை தனக்கு நேர்ந்த கொடுமையை வெளியில் சொல்ல முடியாது. ஆகவே காவல்துறை நன்னடத்தைச் சரிபார்ப்பு இல்லாமல் யாரும் இந்தப் பணிக்கு வரக் கூடாது. போக்சோ சட்டம் பற்றிய பாடம் பயிற்சியில் கட்டாயமாக இருக்க வேண்டும். நோயைக் கண்டறிவதோ, மாத்திரையைக் கூட்டிக் குறைப்பதோ, பயிற்சித் திட்டத்தைத் தானே மாற்றுவதோ தன் வேலையல்ல என்பதையும் உதவியாளர் தெளிவாக அறிந்திருக்க வேண்டும்.

சான்று வாழ்நாளுக்கும் செல்லுபடியாகக் கூடாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். யாரிடம் சான்று இருக்கிறது என்பதைப் பெற்றோர் பார்க்கும் வகையில் பட்டியலை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வைக்கலாம்; அரசின் விழுதுகள் ஒருங்கிணைந்த சேவை மையங்களிலும் வைக்கலாம்.

இதில் எனக்கு ஓர் அச்சமும் உண்டு. அதை மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். குறைந்த ஊதியத்தில் உதவியாளர்கள் கிடைத்துவிட்டால், சிறப்பாசிரியர் எதற்கு என்று நிதித் துறை கேட்கக்கூடும். உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் அளித்த தீர்ப்பில் சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கு எத்தனை ஆசிரியர்கள் என்ற விகிதத்தை வலியுறுத்தியது. தொடக்க நிலையில் 10 குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் 15 குழந்தைக்கு ஒருவர் என்பது அந்த விகிதம். 2025 மார்ச்சில், இதற்கான பணியிடங்களை உருவாக்கி அறிவிக்க வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் மீண்டும் ஆணையிட்டது. அந்தப் பணியிடங்களின் கணக்கில் உதவியாளர்களை ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சிறப்பாசிரியர் இல்லாமல் உதவியாளர் இருந்தால், அவரை மேற்பார்வையிடுபவர் யார்? தமிழ்நாட்டில் சிறப்பாசிரியர்களே ஆண்டுக்கணக்கில் தொகுப்பூதியத்தில் பணியாற்றுகிறார்கள். அவர்களின் ஊதியத்துக்கும் பணம் தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் 2024-25ஆம் ஆண்டு நிதி ஒன்றிய அரசிடமிருந்து வராமல் நின்றதையும் கண்டோம். அரசுகளுக்கிடையிலான பிணக்கில், பேசத் தெரியாத ஒரு குழந்தையின் உதவியாளருக்குச் சம்பளம் நின்றுபோகக் கூடாது. ஆகவே இந்தப் பணிக்கான ஊதியத்துக்கு மாநில அரசு தன் வரவுசெலவுத் திட்டத்திலேயே தனித் தலைப்பில் நிதி ஒதுக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்கு மகளிர் குழுக்களிலிருந்து பெண்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியளித்து, வீடு வீடாக அனுப்ப முடிந்த அரசுக்கு இது இயலாத காரியமல்ல.

தனியார் பள்ளிகளில் நிலைமை வேறு. உதவியாளரைப் பெற்றோரே கொண்டுவர வேண்டும், சம்பளமும் அவர்களே கொடுக்க வேண்டும், வராத நாளில் குழந்தையையும் அனுப்ப வேண்டாம் என்று சொல்லும் பள்ளிகளை நான் அறிவேன். கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு, குழந்தையைக் கவனிக்கும் பொறுப்பையும் வீட்டுக்கே திருப்பியனுப்புவது நியாயமல்ல. சான்று பெற்ற உதவியாளரைப் பள்ளியே பணியில் அமர்த்தி, இரண்டு மூன்று குழந்தைகளுக்குப் பகிர்ந்தளித்தால் செலவும் குறையும். குழந்தை ஒருவரையே சார்ந்திருப்பதும் குறையும்.

நிறைவாக, ஏற்கனவே இந்தப் பணியில் இருக்கும் பெண்களைப் பற்றி. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று ஒரு விதி போட்டால், பல ஆண்டுகளாக இந்தக் குழந்தைகளைத் தூக்கிச் சுமந்த ஆயாக்கள் பலர் ஒரே நாளில் வெளியே நிறுத்தப்படுவார்கள். அவர்களில் சிலர், குழந்தையின் முகம் மாறுவதை வைத்தே வலிப்பு வரப்போகிறது என்று எனக்கு முன்பாகக் கண்டுசொன்னவர்கள். புதிதாக வருபவர்களுக்குக் கல்வித் தகுதி வையுங்கள், இவர்களுக்கு வேண்டாம். இவர்களை எழுத்துத் தேர்வுக்கு உட்காரவைக்காமல், வாய்மொழியாகக் கேட்டும், குழந்தையோடு வேலை செய்வதை நேரில் பார்த்தும் மதிப்பிட வேண்டும். பயிற்சிக்கு வரும் நாட்களுக்குச் சம்பளம் பிடிக்கக் கூடாது. பேருந்துச் செலவைக் கொடுக்க வேண்டும். ஒடுகத்தூரிலிருந்தும் பீஞ்சமந்தை மலையிலிருந்தும் வேலூருக்கு வரச் சொல்லாமல், அந்தந்த வட்டார வள மையத்திலேயே வகுப்பை நடத்த வேண்டும். முதல் முறையில் குறை கண்டால், எது குறை என்று சொல்லி, பழக்கி, மறுபடியும் பார்க்க வேண்டும். அதுவரை அவர்கள் சிறப்பாசிரியரின் நேரடிப் பார்வையில் பணியில் தொடரட்டும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகங்கள் இந்த மதிப்பீட்டை வரும் கல்வியாண்டு தொடங்கும் முன்பாக, அரசு மையங்களில் உள்ள உதவியாளர்களிடமிருந்தே தொடங்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிறப்பாசிரியை ஒருவர்,
காட்பாடி, வேலூர் மாவட்டம்.